ஓட்டமும் உடலும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகளின் இரைச்சல் தொடங்கும் முன்னரே, விடியற்கால இருளில் ஓடிப் பழகும் இளைஞர் சிலரை நாம் காண்கிறோம். அவர்களுள் நம் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தியும் உண்டு. ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவளுடைய தாய் நம்மிடம் வந்தார். "சாமி, இவள் தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறாள். இதயம் வீங்கிவிடும், மூட்டு தேய்ந்துவிடும், நாளைக்குப் பிள்ளைப்பேறே கஷ்டமாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. ஆயினும் அந்த அச்சங்கள் மூன்றுமே பழமையானவை. மூன்றுக்கும் வரலாறு உண்டு. தேடிப் படித்தவற்றை அத்தாய்க்கும், அவரைப் போன்ற பெற்றோர் பிறருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

நெடுந்தூரம் ஓடினால் உயிர் போகும் என்ற எண்ணத்தின் வேர் ஒரு கதையில் உள்ளது. கி.மு. 490இல் மாரத்தான் போர்க்களத்திலிருந்து ஏதென்சுக்கு ஓடிவந்த தூதன் வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டு விழுந்து இறந்தான் என்பது அக்கதை. ஆனால், அப்போரைக் குறித்து எழுதிய எரொதோத்தசு இந்த மரணத்தைக் குறிப்பிடவே இல்லை. பிதிப்பிதசு என்னும் தூதர் உதவி வேண்டி ஏதென்சிலிருந்து ஸ்பார்த்தாவுக்கு ஓடி, மறுநாளே சென்று சேர்ந்தார் என்றே அவர் எழுதியுள்ளார். ஓடியவர் இறந்த கதை பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ஆசிரியர்களிடமே காணப்படுகிறது.

இதயம் பற்றிய அச்சத்தை முதலில் ஆராய்வோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், படகோட்டப் போட்டிகளில் கடுமையாக உழைக்கும் மாணவர்கள் இளமையிலேயே இறப்பர் என்ற பேச்சு பரவியது. ஜான் மார்கன் என்ற மருத்துவர் 1829 முதல் 1869 வரை போட்டியிட்ட ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படகோட்டிகளைப் பற்றி விசாரித்து 1873இல் நூலொன்று வெளியிட்டார். அவர்கள் எதிர்பார்த்த ஆயுளைவிடக் கூடுதலாகவே வாழ்ந்தனர் என்பது அவர் கண்ட முடிவு.

அமெரிக்க ஓட்டவீரர் கிளாரன்ஸ் டிமாருக்கு இதயத்தில் மாறுபட்ட ஒலி கேட்கிறது, ஓட்டத்தைக் கைவிடவேண்டும் என்று 1911இல் மருத்துவர்கள் எச்சரித்தனர். அவ்வாண்டே அவர் பாஸ்டன் மாரத்தானில் வென்றார். 1930க்குள் மேலும் ஆறு முறை வென்றார். 1958இல் தம் 70ஆம் வயதில் அவர் இறந்தது புற்றுநோயால். இதய நோயால் அன்று. இறந்தபின் உடலை ஆய்ந்த மருத்துவர்கள், இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் வழக்கத்தினும் இரண்டு மூன்று மடங்கு அகன்றிருந்ததாக 1961இல் எழுதினர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓட்டத்தைப் பற்றி 1977இல் புகழ்பெற்ற நூல் எழுதிய ஜிம் ஃபிக்ஸ், 1984இல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 52. ஓட்டமே அவரைக் கொன்றது என்று பலர் சொன்னார்கள். ஆனால், அவருடைய தந்தை 43 வயதில் இதய நோயால் இறந்தவர். ஃபிக்ஸ் ஓடத் தொடங்குமுன் நெடுநாள் புகைபிடித்தவர்; பருத்த உடலினர். டாக்டர் கெனத் கூப்பர் இதயப் பரிசோதனைக்கு அழைத்தபோதும் அவர் இணங்கவில்லை. மரபு வழி வரும் நோயை ஓட்டம் துடைத்துவிடாது என்பதே அவரது மரணம் தரும் பாடம். பல்லாண்டுகள் கடும் போட்டிகளில் ஈடுபடுவோரிடம் இதயத்துடிப்புச் சீர்கேடு சற்று மிகுதி என்பதும் அண்மைக்கால ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

மூட்டுகளைப் பற்றிய அச்சத்திற்கு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் விடை தேடியது. ஐம்பது வயது கடந்த ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் 1984 முதல் தொடர்ந்து கவனித்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்தொன்பது ஆண்டுகளில் ஓடாதவர்களுள் நூற்றுக்கு 34 பேர் இறந்திருந்தனர். ஓடியவர்களுள் 15 பேரே. முழங்கால்களைப் படமெடுத்துப் பார்த்தபோதும் ஓடியவர்களிடம் தேய்மானம் மிகுதியாகக் காணப்படவில்லை. நோயாளிகள் ஓட முன்வருவதில்லை ஆதலால் இக்கணக்கு முழுமையன்று எனலாம். ஆயினும் ஓட்டம் மூட்டைத் தேய்க்கும் என்ற கூற்றுக்கு அங்கே ஆதாரம் இல்லை.

மூன்றாவது அச்சம் பெண்களைப் பற்றியது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினர். ஓடி முடித்தோர் தரையில் சாய்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தவே, அப்போட்டி 1960 வரை நீக்கப்பட்டிருந்தது. ஆண்களும் அவ்வாறு சாய்வதுண்டு. அதற்காக எவரும் அவர்களைத் தடுக்கவில்லை! ஒலிம்பிக் மாரத்தானில் ஓடப் பெண்கள் 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. நம் தமிழகத்துப் புதுக்கோட்டை வீராங்கனை எல். சூர்யா 2016இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. போதிய உணவின்றி அளவுமீறி ஓடும் பெண்ணுக்கு மாதவிலக்கு தடைபடும், எலும்பு நலியும். அக்கேடு ஓட்டத்தால் மட்டும் வருவதன்று, பட்டினியோடு சேர்ந்த ஓட்டத்தால் வருவது.

இந்த இடத்தில் நம் ஊரின் வரலாறே நமக்கு ஆசானாகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் புதுவையில் 'பூஸ்-பூஸ்' என்றொரு தள்ளுவண்டி இருந்தது. துரைமார் முன்னே அமர்ந்து கைப்பிடியால் வண்டியைத் திருப்புவர். பின்னேயிருந்து ஏழைத் தமிழர் தள்ளிக்கொண்டே ஓடுவர். சென்னையில் கை ரிக்‌ஷா இழுத்தோரும் அவ்வாறே ஓடினர்; 1973இல்தான் தமிழக அரசு அதனை ஒழித்தது. அவர்களும் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடியவர்களே. ஆனால், எப்போது நிற்பது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடைய உடலுக்கு இல்லை. கொதிக்கும் வெயிலிலும், அரை வயிற்றுடனும், காய்ச்சலுடனும், மற்றொருவர் சொன்னவரை ஓடியாகவேண்டும். ஓடும் கால் ஒன்றே. ஒருவருக்கு அது நலம், மற்றொருவருக்கு அது நலிவு. வேறுபாடு ஓட்டத்தில் இல்லை; உணவிலும் ஓய்விலும் உரிமையிலும் இருக்கிறது.

தன்னுரிமையோடு ஓடுபவரும் தம் உடலின் குரலை அடக்கினால் ஆபத்தே. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ கடும் வெயிலில் ஓடி விழுந்து மறுநாள் இறந்தார். வியர்வையைத் தடுக்க அவர் உடலில் கொழுப்பைப் பூசியிருந்தார் என்பர். உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியை அவரே அடைத்துவிட்டார்.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் இரு கருத்துகள் அருகருகே நிற்பது சிந்திக்கத்தக்கது. நம் உடலைத் தூய ஆவியின் ஆலயம் என்கிறார். சில அதிகாரங்கள் கழித்துப் பந்தயத்தில் ஓடுவோரை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். கொரிந்து நகரருகே விளையாட்டு விழாக்கள் நடந்ததால் அவ்வுவமை அம்மக்களுக்கு எளிதில் விளங்கியது. ஆலயம் பூட்டிவைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே. இடித்துத் தள்ளுவதற்கும் அன்று.

அத்தாயிடம் நாம் சொன்னது இதுவே: "அம்மா, நிறுத்தச் சொல்லவேண்டாம். குடும்பத்தில் யாருக்கேனும் இளவயதில் இதய நோய் வந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வெயில் ஏறுமுன் ஓடி முடிக்கட்டும். வலித்தால் நிற்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் ஓடும் தூரத்தைப் பார்க்காதீர்கள். அவள் சாப்பிடும் தட்டைப் பாருங்கள்."

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "காலையில் ஒன்றும் சாப்பிடாமல்தான் ஓடுகிறாள், சாமி, வந்ததும் வேலைக்குப் போய்விடுகிறாள்" என்றார். கவலைப்பட வேண்டியது எதைப்பற்றி என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.