துறைமுகம் போன பிறகு: தம்லுக் கச்சேரி நகரமான வரலாறு

மேற்கு வங்கத்தின் கிழக்கு மேதினிபூர் மாவட்டத் தலைநகரான தம்லுக்கைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் அதன் பழைய வடிவமான தாம்ரலிப்தியில் தொடங்கித் தாம்ரலிப்தியிலேயே முடித்துவிடுகிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாஹியான் இரண்டாண்டு தங்கிக் கப்பலேறிய துறை. மகாவம்சத்தின்படி போதிமரக் கிளை ஈழத்துக்குப் புறப்பட்ட கரை. ‘தமிழ்’ என்ற பெயரே இவ்வூர்ப் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று 1904இல் வெளிவந்த ஆங்கில நூலில் வி. கனகசபைப் பிள்ளை ஊகித்ததும் உண்டு. ஒலி ஒற்றுமையைத் தவிர அதற்கு வேறு வலுவில்லை.

இந்தப் பழம்பெருமையால் இன்றைய ஊரை விளக்க முடியாது. எட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு துறைமுகமாக அதன் பெயர் அடிபடவில்லை. வண்டல் சேர்ந்து கடல் விலகியது. ரூப்நாராயண் ஆற்றங்கரையில் ஒரு கோயிலும் ஒரு சிற்றரசக் குடும்பமும் மிஞ்சின. இன்றைய தம்லுக்கைக் கட்டியது உப்பு என்பதே என் கருத்து.

1760இல் மீர் காசிம் மேதினிபூரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். 1772இல் உப்பு உற்பத்தியைக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. 1780களில் கடலோரம் ஏஜென்சிகளாகப் பிரிக்கப்பட்டபோது ஹிஜ்லிக்கு அடுத்தாற்போல் தம்லுக்கும் ஓர் ஏஜென்சியானது. ‘மலங்கி’ எனப்பட்ட தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்து வடித்து, அந்த நீரை மண்கலங்களில் காய்ச்சினார்கள். தென்கடற்கரையில் வெயில் செய்யும் வேலையை ஈரம் மிகுந்த வங்கத்தில் அடுப்புதான் செய்தாக வேண்டும். அடுப்புக்கு விறகும் புல்லும் வேண்டுமே! அதற்காக ஓதநீர் ஏறும் ‘ஜல்பாய்’ நிலங்களை உழவுக்கு விடாமல் ஒதுக்கினார்கள். முன்பணம், கிடங்கு, எடை, கள்ள உப்பைப் பிடிக்கும் சவுக்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடும் ஒரு குமாஸ்தாவும் தேவைப்பட்டனர். வயல்களுக்கு நடுவே எழுத்தர்களின் ஊர் ஒன்று உருவானது இப்படித்தான்.

1860களில் ஏகபோகம் முடிந்தது. லிவர்பூலிலிருந்து கப்பலில் வந்த மலிவான உப்போடு மலங்கியின் அடுப்பால் போட்டியிட முடியவில்லை. ஜல்பாய் நிலங்கள் கரை கட்டப்பட்டு நெல்வயல்களாயின. ஆனால் பேனா பிடித்த கை சும்மா இருக்கவில்லை. அந்த நூற்றாண்டின் நடுவிலேயே தம்லுக் ஒரு ‘மகக்குமா’வின் தலைமையிடமாகிவிட்டது, நம் வழக்கில் சொன்னால் சப்-டிவிஷன். 1852இல் ஹாமில்டன் பெயரில் ஆங்கிலப் பள்ளியும், 1864இல் நகராட்சியும் வந்தன. நீதிமன்றம், சிறைச்சாலை, வக்கீல்கள், முக்தார்கள் என ஊர் நிரம்பியது. வங்காளிகள் ‘காச்சாரி’ என்பதும் நம் தாத்தாக்கள் ‘தாலுகா கச்சேரி’ என்றதும் ஒரே சொல்தான். தமிழில் அதே சொல் பாட்டுக்கும் போனது. வங்கத்தில் வழக்கோடு நின்றுவிட்டது.

அலுவலகம் ஊர்மக்களின் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை 1942 காட்டுகிறது. ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது, செப்டம்பர் 29 அன்று தம்லுக் காவல் நிலையத்தையும் அரசு அலுவலகங்களையும் கைப்பற்றச் சென்ற ஊர்வலத்தில், எழுபது வயது கடந்த மாதங்கினி ஹஸ்ரா கொடியோடு சுடப்பட்டு இறந்தார். அக்டோபர் 16இல் பெரும்புயல் அடித்தது. சேதச் செய்தி வெளியே போகாதபடி அரசு தணிக்கை செய்தது, நிவாரணமும் தாமதித்தது. டிசம்பர் 17இல் சதீஷ் சந்திர சாமந்தாவின் தலைமையில் ‘தாம்ரலிப்த ஜாதீய சர்க்கார்’ (தாம்ரலிப்த தேசிய அரசு) என்ற போட்டி அரசு தோன்றியது.

இதன் வீரத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். என்னை ஈர்ப்பது அதன் அமைப்பு. எல்லை, பிரிட்டிஷார் வகுத்த அதே மகக்குமாதான். தம்லுக், மஹிஷாதல், சுதாஹாட்டா, நந்திகிராம் என்று கிளைகள் தாணா (காவல் நிலைய எல்லை) வாரியாகவே அமைந்தன. வழக்குகளை விசாரிக்க மன்றங்கள், நிவாரணத் துறை, ‘வித்யுத் வாகினி’ என்ற படை, ‘விப்லவி’ என்ற செய்தியேடு எல்லாம் இருந்தன. கச்சேரியைக் கைப்பற்றப் புறப்பட்டவர்கள் தங்களுக்கென ஒரு கச்சேரியை நடத்தினார்கள். 1943 பஞ்சத்தின் ஊடாக, 1944 வரை நடத்தினார்கள். தலைமைப் பொறுப்பேற்றவர்களில் ஒருவரான அஜய் முகர்ஜி 1967இல் மேற்கு வங்க முதலமைச்சரானார்.

விடுதலைக்குப் பிறகு அரை நூற்றாண்டு பெரிய மாற்றமில்லை. மீண்டும் துறைமுகம் வந்தபோதுகூட அது தம்லுக்குக்கு வரவில்லை. தெற்கே ஹால்தியாவுக்குப் போயிற்று. 2002 ஜனவரி 1இல் மேதினிபூர் இரண்டாகப் பிரிய, தம்லுக் மாவட்டத் தலைநகரானது. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள் சுமார் 51 லட்சம், அவர்களில் நகரவாசிகள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான். தம்லுக் நகராட்சியின் மக்கள்தொகை 65,306. ஹால்தியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

பழைய ஊரின் சந்துகளில் மாவட்ட ஆட்சியகத்துக்கு இடம் போதவில்லை. புதிய வளாகம் ஊருக்கு வெளியே நிம்தௌரியில் நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்தது. மனுவோடு கிராமங்களிலிருந்து வருபவர் இப்போது தம்லுக்குக்குள் நுழையாமலேயே ஆட்சியரைப் பார்த்துத் திரும்பிவிடலாம்.