மண்சரிவும் மனையுரிமையும்: மலையக மீள்கட்டுமானம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குடிப்பெயர்வு, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். மழையும் மண்சரிவும் அம்மக்களின் வாழ்வைச் சிதைத்த வேளைகளிற் கைகொடுத்தோர் யாவர், அவ்வுதவி எவ்வெல்லை வரை சென்றது என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. அவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும், கோப்பி நோயுற்று வீழ்ந்தபின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. மண்ணைப் பிணைத்து நின்ற மரவேர்கள் அகன்ற சரிவுகளிலேயே லயங்கள் பல எழுந்தன. லயக் காம்பரா தோட்டத்தின் உடைமை. தொழிலாளி அதிற் குடியிருப்பவர் மாத்திரமே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமையாளரும் முகாமையாளரும் மாறினரேயன்றிக் குடியிருந்தோரின் நிலை மாறவில்லை.

உள்ளூராட்சியின் நிழலும் இவர்கள்மீது விழவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக விளங்கியது; 2018இலேயே அது திருத்தப்பட்டது. வரியும் வாக்கும் பெற்ற சபை, இடிந்த பாதையைச் செப்பனிட இயலாது நின்றது. இவ்வெற்றிடத்தையே கோயிற் பரிபாலன சபைகளும், மரண உதவிச் சங்கங்களும், இளைஞர் மன்றங்களும், திருச்சபைகளும் தம்மால் இயன்றவரை நிரப்பின.

திருச்சபையின் தோட்டத் தொடர்பு பழமையானது. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தோற்றம் பெற்றது. சமயப் பரப்பலே அதன் முதனோக்கமெனினும், பள்ளிக்கூடமும் அதனுடன் தோட்டத்துள் நுழைந்தது. 1972இல் இயேசுசபைக் குருவான போல் கஸ்பேர்ஸ் கண்டியில் நிறுவிய சத்யோதய வேறொரு திசையிற் சென்றது. தோட்டத் தமிழரையும் அயற்கிராமச் சிங்களவரையும் ஒருங்கு நோக்கிய அந்நிறுவனம், பசித்தவனுக்கு உணவளிப்பதோடு அவனது உரிமையைக் கேட்பதும் தொண்டே எனக் கொண்டது. 1979இல் உருவான இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் கஸ்பேர்ஸ் முன்னின்று உழைத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

தொண்டின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்துவது மீரியபெத்தை அனர்த்தமாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டப் பிரிவின் லயங்களை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்பது புதிய செய்தியன்று. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆயின் வேறிடம் செல்லுமாறு கூறப்பட்ட மக்களுக்கு அவ்வேறிடம் யாது என்பது காட்டப்படவில்லை. காணியற்றவனுக்கு எச்சரிக்கை பயன்படுமாறு எங்ஙனம்? அனர்த்தத்தின் பின் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உணவும் உடையும் வந்து குவிந்தன, பாடசாலைகள் முகாம்களாயின. சில வாரங்களிற் செய்து முடிக்கத்தக்கவற்றைத் தொண்டர்கள் செய்து முடித்தனர். புதிய வீடுகளோ 2016இலேயே கையளிக்கப்பட்டன. அதுவரை பல குடும்பங்கள் தற்காலிக இருப்பிடங்களிற் காத்திருந்தன. அரிசி தருவதற்கு மனமிருந்தாற் போதும். வீடு கட்டுவதற்கு நிலம் வேண்டும். அந்நிலம் தொண்டரிடமும் இல்லை, துயருற்றவரிடமும் இல்லை.

மீரியபெத்தை ஊவா மாகாணத்தைச் சேர்ந்தது. எனினும் நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களின் காணியுறவு அதனின் வேறன்று. 2025 நவம்பர் 28ஆம் திகதி இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்த டித்வா புயல் இதனை மீண்டும் மெய்ப்பித்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களை மண்சரிவு பெரிதும் வருத்தியது. கரித்தாஸ் போன்ற திருச்சபை அமைப்புகளும் ஊர் இளைஞரும் நிவாரணப் பணியில் இறங்கினர். முற்றாக அழிந்த வீடுகளுக்கு அரசாங்கம் இழப்பீடு அறிவித்தபோது, லயக் காம்பராவில் வாழ்ந்தவர் வீட்டின் உரிமையாளராவாரா என்ற பழைய வினா புதிய வேகத்துடன் எழுந்தது.

இவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சிகள் இல்லாமலில்லை. 2015இன் பின் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்ற கொள்கை முன்வைக்கப்பட்டது. இந்திய உதவியுடன் 4000 வீடுகள் கட்டும் திட்டமும் உருப்பெற்றது. 2017 மே மாதம் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை சட்டவாக்கம் பெற்றது. தேவையின் பரப்பை நோக்குமிடத்து இவை தொடக்கங்களேயாம்.

இதுகாறும் கூறியவற்றால், தோட்ட மக்களின் மீள்கட்டுமானம் செங்கல்லுக்கு முன்னர் உறுதிப்பத்திரத்தில் தொடங்கவேண்டியது என்பது பெறப்படும். தொண்டரின் அன்பு போற்றுதற்குரியது. உயிர் காப்பது அதுவே. ஆயினும் அரிசி மூட்டையுடன் மலையேறியவர்கள் காணி உரிமைக்கான கோரிக்கையையும் தம் கைகளில் ஏந்தி இறங்குவராயின், அடுத்த மழைக்கு முன் சில குடும்பங்களேனும் தமக்குரிய மண்ணில் தமக்குரிய கூரையின்கீழ் உறங்கும்.