வார்ப்புப் பொம்மைக் கார்களில் அரிய நிறங்களை இனங்காணுதல்

லண்டனில் இயங்கிய லெஸ்னி நிறுவனம் 1969இல் லம்போர்கினி மியூரா காரின் சிறு வடிவத்தைத் தன் மேட்ச்பாக்ஸ் வரிசையில் 33ஆம் எண்ணாக வெளியிட்டது. மஞ்சள் நிறம், சாதாரணக் கறுப்புச் சக்கரம். இந்தப் பொம்மை இன்றும் எளிதாகவே கிடைக்கிறது. சிறிது காலத்தில் அதே காருக்கு வேகமாக ஓடும் புதுச் சக்கரங்கள் பொருத்தப்பட்டன. நிறமும் பொன்னிறமாக மாறியது. அதுவும் எளிதாகக் கிடைப்பதே. ஆனால் பழைய சக்கரத்தில் பொன்னிறக் கார் மிக அரிது. புதுச் சக்கரத்தில் மஞ்சள் காரும் அப்படியே அரிது.

மஞ்சளும் அரிய நிறமன்று, பொன்னிறமும் அரிய நிறமன்று. எந்த நிறம் எந்தச் சக்கரத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது என்பதில்தான் அருமை இருக்கிறது. பழைய வார்ப்புப் பொம்மைகளின் நிறத்தை ஆராய்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுவே.

நிறங்கள் மாறியது ஏன்?

லெஸ்னி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டது. அதன் பங்குதாரரான ஜாக் ஓடலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைகளை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். மகளுக்காக அவர் செய்த சிறிய சாலை உருளை வண்டியே 1953இல் மேட்ச்பாக்ஸ் வரிசைக்கு வித்தானது. (மாணவர்களுக்கு விதி போடும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம்!) பின்னர் வரிசை 75 எண்களாக வளர்ந்தது. ஓர் எண்ணில் இருந்த வண்டி பழையதாகிவிட்டால் அதே எண்ணில் வேறொரு வண்டி வந்தது.

துத்தநாகக் கலப்பு உலோகத்தை உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது முதல் வேலை. வார்த்த உடலுக்கு வண்ணம் தெளித்துச் சூட்டில் உலர வைப்பார்கள். அதன் பிறகே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், இருக்கைகள், சக்கரங்கள், அடித்தகடு ஆகியவை பொருத்தப்படும். இந்த வரிசைமுறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இது பயன்படும்.

வேலை தொகுதி தொகுதியாக நடந்ததால், ஒரு நிறத்தை நிறுத்தி அடுத்ததைத் தொடங்கும்போது பழைய நிறத்தில் உடல்கள் மிச்சம் இருக்கும். அவற்றை யாரும் வீசி எறிவதில்லை. புதிய சக்கரத்தைப் பூட்டிக் கடைக்கு அனுப்பினார்கள். மஞ்சள் மியூரா அப்படிப்பட்ட இடைக்காலப் பிறவி. சில நிறங்கள் தொடக்கத்தில் சிறிது காலம் மட்டும் வந்து நின்றுபோனவை. 43ஆம் எண் ஹில்மன் மிங்க்ஸ் கார் 1958இல் முதலில் பச்சை நிறத்தில் வந்து, விரைவில் நீல உடலுக்கு மாறியது. ஆகவே பச்சை அரிது. 45ஆம் எண் வாக்ஸ்ஹால் விக்டர் மஞ்சளில் ஏராளம், சிவப்பில் மிக அபூர்வம். 30ஆம் எண் பாரந்தூக்கி வண்டி வெள்ளி நிறத்தில் எங்கும் கிடைக்கும். பழுப்பு நிறத்தில் கிடைத்தால் ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகும். 8ஆம் எண் ஃபோர்டு மஸ்டாங்கில் வெள்ளை சாதாரணம், ஆரஞ்சு அரிது.

சக்கரமே காலக்கணிப்பு

கல்வெட்டில் ஆண்டு இல்லாவிட்டால் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலம் கணிப்பார்கள். மேட்ச்பாக்ஸ் பொம்மையில் அந்த வேலையைச் சக்கரம் செய்கிறது. தொடக்கத்தில் உலோகச் சக்கரம். 1950களின் பிற்பகுதியில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். 1960களில் கறுப்புப் பிளாஸ்டிக். அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968இல் ஹாட் வீல்ஸ் கார்களை வெளியிட்டது. உராய்வு குறைந்த சக்கரத்தில் அவை பறந்தன. அமெரிக்கச் சந்தையில் லெஸ்னிக்குப் பலத்த அடி. பதிலடியாக 1969இல் வந்ததே சூப்பர்ஃபாஸ்ட் என்ற மெல்லிய இருசு கொண்ட சக்கரம்.

இனி, பச்சை ஹில்மன் மிங்க்ஸ் ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக் சக்கரத்தோடு விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சை வந்தது உலோகச் சக்கரக் காலத்தில். நிறம் ஒரு காலத்தையும் சக்கரம் வேறொரு காலத்தையும் சொன்னால் இரண்டில் ஒன்று பின்னால் மாற்றப்பட்டது. விற்பவர் என்ன கதை சொன்னாலும் சரி, பணத்தை எடுக்க வேண்டாம்.

பொய் வண்ணம் எங்கே தெரியும்?

அரிய நிறத்துக்குப் பல மடங்கு விலை கிடைக்கும்போது வண்ணக் குப்பியும் தூரிகையும் சும்மா இருப்பதில்லை. ஏமாற்றும் நோக்கமின்றி, குழந்தைக்காகப் புதுப்பூச்சு அடித்த தந்தையரும் உண்டு. இரண்டும் சேகரிப்பவரைத் திசைதிருப்பும்.

முதலில் பொம்மையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். உடலில் இருந்து நீளும் ஒரு முளை அடித்தகட்டின் துளை வழியே வந்து, அதன் நுனி நசுக்கப்பட்டுக் குடைபோல் விரிந்திருக்கும். இதுதான் ரிவெட். கண்ணாடியையும் சக்கரத்தையும் கழற்றாமல் ஒழுங்காக வண்ணம் பூச முடியாது. அவற்றைக் கழற்ற இந்த முளையைத் துளையிட்டோ அராவியோ ஆகவேண்டும். திருகாணி, பசை, அராவிய கீறல், அளவுக்கு மீறிப் பளபளக்கும் முளை இவற்றில் எது தெரிந்தாலும் உள்ளே யாரோ நுழைந்திருக்கிறார் என்று பொருள். இருசுக் கம்பியின் நுனிகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மியூரா போன்ற கார்களில் வண்ணத்தைத் தொடாமல் சக்கரத்தை மட்டும் மாற்றினாலே போதும், சாதாரணக் கார் அரியதாகிவிடும் அல்லவா?

கழற்றாமலே பூசியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. கண்ணாடி ஓரத்திலும் இருசிலும் வண்ணத் துளிகள் ஒட்டியிருக்கும். தொழிற்சாலையில் தனி உடலுக்கே வண்ணம் தெளித்ததால் உட்புறத்திலும் அதே நிறம் ஓரளவு படிந்திருக்கும். வெளியே சிவப்பும் உள்ளே மஞ்சளுமாக இருந்தால் கதை முடிந்தது. வண்ணம் உதிர்ந்த இடங்களை உருப்பெருக்கியில் பாருங்கள். அசலில் வண்ணத்துக்குக் கீழே வெறும் உலோகம் தெரியும். மறுபூச்சில் பெரும்பாலும் வேறொரு நிறம் எட்டிப்பார்க்கும். கதவுக் கோடு, கைப்பிடி, முகப்புக் கம்பிகள் மழுங்கியிருந்தால் பூச்சு தடித்திருக்கிறது.

வெயிலும் ஒரு மோசடிக்காரன்தான். கடைச் சன்னலில் பல மாதம் நின்ற கார் நிறம் வெளுத்து, பட்டியலில் இல்லாத புது நிறம்போல் தோன்றும். மேற்கூரையின் நிறத்தை வெயில் படாத உட்புறத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும். ஹாட் வீல்ஸின் தொடக்கக் கார்களில் இன்னும் கவனம் தேவை. மினுக்கிய உலோகத்தின்மேல் ஒளி ஊடுருவும் வண்ணம் பூசப்பட்டதால், அடியிலுள்ள உலோகம் மங்கும்போது மேலே நிறமும் கருத்துவிடுகிறது. ஒளிப்படத்தை நம்பி நிறம் சொல்வது வீண் வேலை. பகல் வெளிச்சத்தில், அதே காரின் சாதாரண நிறப் பொம்மையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை.

அட்டைப்பெட்டியைச் சான்றாகக் கொள்வது பலவீனமான வாதம். பெட்டிகள் எளிதாக இடம் மாறும், புதிதாகவும் அச்சிடப்படுகின்றன. சேகரிப்பவர்கள் பயன்படுத்தும் நிறப்பட்டியல்கள் பெரும்பாலும் எஞ்சியுள்ள பொம்மைகளைப் பார்த்துத் தொகுக்கப்பட்டவை. எனவே ஒரு போலி நம்பப்பட்டுவிட்டால் அது பட்டியலுக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். பிறகு வருபவர் அதையே ஆதாரமாகக் காட்டுவார்.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு குழப்பமும் உண்டு. லிவர்பூலில் டிங்கி டாய்ஸ் செய்த மெக்கானோ நிறுவனத்தின் பழைய வார்ப்பச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றிலிருந்து நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் பொம்மைகள் வெளிவந்தன. அச்சு ஒன்றே என்பதால் உருவம் அப்படியே டிங்கி. வண்ணங்கள் மட்டும் லிவர்பூலில் பார்த்திராதவை. அடித்தகட்டைப் படிக்காதவர் இதை டிங்கியின் அறியப்படாத நிறம் என்று எண்ணிவிடுவார். அது கல்கத்தாவின் சொந்த நிறம். அதைத் தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய வீட்டுப் பரணில் அப்படி ஒன்று அகப்பட்டால் புதுவண்ணம் அடிக்க வேண்டாம். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, அடித்தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.