தங்கவயல் தூசி: கணக்கில் வந்தவர்களும் வராதவர்களும்

காலை நேரத்தில் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் மாரிக்குப்பம் வண்டியிலிருந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் கோலார் தங்கவயலின் நிலை தானே புரியும். விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வீடு திரும்பும் நம்ம ஜனங்க. இவர்களில் பலருடைய பாட்டன்மார் சுரங்கத்தில் இறங்கியவர்கள். என் தாத்தாவும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் வேலை பார்த்தவர். "அவருக்கு டி.பி., இருமி இருமியே போயிட்டாரு" என்று பாட்டி சொல்லுவாங்க. அது டி.பி. தானா என்ற கேள்விதான் என்னை இந்த வரலாற்றின் பக்கம் இழுத்தது.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி தங்கவயலில் கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர். ஊரில் ஆண்டைக்குக் கைகட்டி நின்றவர்களுக்கு இங்கே கூலி காசாகக் கிடைத்தது பெரிய விடுதலை என்பதை மறுக்க முடியாது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர்த் தெருக்களுக்கு 1905-இல்தான் வந்தது. ஆனால் அந்தக் கரண்ட் முதலில் வந்தது எந்திரத்துக்கு. தொழிலாளியின் லைன் வீடோ பல காலம் மூங்கில் தட்டிச் சுவர்தான்.

வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் 1998-இல் வெளியிட்ட 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' என்ற நூல், மைசூர் சமஸ்தானத்துச் சுரங்கத் தொழிலாளர், மில் தொழிலாளர் வாழ்வை ஆராய்கிறது. மேலே ஐரோப்பிய அதிகாரி, நடுவில் ஆங்கிலோ இந்தியர், அடியில் தமிழ்க் கூலியாள். வீடும் வேலையும் இந்த வரிசைப்படிதான். 1930 ஏப்ரலில் தொழிலாளர் விவரப் பதிவுக்காகக் கைரேகை எடுக்கக் கம்பெனி முனைந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆக, ஆளை எண்ணும் அக்கறை கம்பெனிக்கு இருந்தது. ஆளின் நுரையீரலை எண்ணுவதில்தான் தாமதம்.

தங்கம் வெண்கல் பாறையில் இருக்கிறது. அதைத் துளைத்து வெடிக்கும்போது சிலிக்காத் தூசி பறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இத்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாக இறுகுவதே சிலிக்கோசிஸ். இதற்கு மருந்து இல்லை. பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். இந்நோய் உள்ளவரை டி.பி. எளிதில் பிடிக்கும், இரண்டின் அறிகுறிகளும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பாட்டி சொன்னது பாதி உண்மையாக இருக்கலாம்.

இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானதே 1934-இல் கோலார் சுரங்கங்களில்தான். பிறகு 1940 முதல் 1946 வரை 7,600-க்கும் மேற்பட்ட வேலையாட்களைப் பரிசோதித்த ஆய்வு 1947-இல் வெளிவந்தது. நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ்! இதுவே திடுக்கிட வைக்கும் எண். ஆனால் இது வேலையில் இருந்தவர்களின் கணக்கு. மூச்சு வாங்கி, "இனி முடியாது" என்று ஊருக்குப் போனவர் எந்தக் கணக்கில் வருவார்? வியாதி முற்றும் நேரத்தில் மனிதர் சுரங்கத்தில் இல்லை, வேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு திண்ணையில் இருக்கிறார். காண்டிராக்டரின் கீழ் உழைத்தவருக்குக் கம்பெனிப் பதிவேட்டில் பெயரே இருக்காது. நஷ்டஈடு சட்டத்தில் இருந்தாலும் அதைக் கேட்கக் காகிதம் வேண்டுமே!

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களிலும் இதே கதைதான். வெள்ளைத் தொழிலாளிக்கு 1910-களிலேயே நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது, சிலிக்கோசிஸ் பற்றிய சர்வதேச மாநாடும் 1930-இல் ஜோகன்னஸ்பர்க்கிலேயே கூடியது. கறுப்பினத் தொழிலாளியோ நோயோடு கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். ஆனால் அவர்கள் விடவில்லை. 2019-இல் 500 கோடி ராண்டு சமரசத் தொகைக்கு அங்குள்ள நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. இறந்தவர்களின் குடும்பத்தாரும் அதில் உரிமை கோரலாம்.

தங்கவயல் சுரங்கங்கள் 1956-இல் அரசுடைமை ஆயின. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. வேலையோடு ஆஸ்பத்திரியும் போயிற்று. நலவசதி முழுவதும் வேலையோடு கட்டிப்போடப்பட்டிருந்ததன் விளைவு இது. மூடிக் கிடந்த அந்த ஆஸ்பத்திரியை 2021 கொரோனா அலையின்போது தொண்டர்கள் கூடிச் சுத்தம் செய்து திறந்தார்கள். சயனைடு மேடுகளோ இன்னும் அங்கேயே நிற்கின்றன. காற்றடித்தால் தூசி இன்றும் வீட்டுக்குள் வருகிறது.

என் தாத்தாவின் எக்ஸ்ரே எங்களிடம் இல்லை. பரண் சுத்தம் செய்தபோது யாரோ குப்பையோடு போட்டுவிட்டார்கள். எனவே மலர் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தங்கவயல் பெரியவரின் சர்வீஸ் சர்ட்டிபிகேட், மெடிக்கல் போர்டு சீட்டு, பழைய எக்ஸ்ரே எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். அவர் எந்தச் சுரங்கத்தில், எத்தனை வருஷம், எந்த வேலை பார்த்தார் என்று வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். கணக்கில் வராமல் போனவர்களை இனியாவது கணக்கில் சேர்ப்பது பேரப்பிள்ளைகளான நம் கடமையல்லவா?