துணை மண்டலத்தின் ஈர்ப்பில் உருமாறும் ‘நீர்ச்சுழல்’ விண்மீன் மண்டலம்

சப்தரிஷி மண்டலத்தின் வால்முனையில் உள்ள மரீசி விண்மீனுக்கு அருகே, சிறிய தொலைநோக்கியில் மங்கிய இரு ஒளித்திட்டுகள் தென்படும். பெரியது எம்51 எனப்படும் ‘நீர்ச்சுழல்’ விண்மீன் மண்டலம். சிறியது அதன் துணையான என்ஜிசி 5195. இவை பூமியிலிருந்து சுமார் 3 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளன.

பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெஸ்ஸியே 1773-இல் பெரிய மண்டலத்தைக் கண்டறிந்தார். துணை மண்டலத்தை 1781-இல் பியர் மெஷேன் கண்டார். அதன் சுருள் வடிவம் தெரியவந்தது 1845-இல்தான். அயர்லாந்தின் பிர் கோட்டையில் தாம் நிறுவிய 72 அங்குலத் தொலைநோக்கி வழியாகப் பார்த்த ரோஸ் பிரபு, அதைக் கையால் வரைந்து பதிவு செய்தார். வானில் சுருள் அமைப்பு கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. எனினும், அது நமது பால்வெளிக்கு அப்பாற்பட்ட தனி மண்டலம் என்பது உறுதியாக மேலும் சுமார் 80 ஆண்டுகள் ஆயின.

படங்களில், பெரிய மண்டலத்தின் சுருள் கரம் துணை மண்டலத்தைப் பற்றியிருப்பதுபோல் தோன்றும். உண்மையில் துணை மண்டலம் அதற்குப் பின்னால் உள்ளது. முன்னால் உள்ள கரத்தின் தூசுப்பட்டை அதன் ஒளியில் ஒரு பகுதியை மறைப்பதே இதற்குச் சான்று.

இந்த நெருக்கத்தின் விளைவு என்ன என்பதை 1972-இல் ஆலர் தூம்ரே, யூரி தூம்ரே சகோதரர்கள் கணினிக் கணக்கீட்டின் மூலம் விளக்கினர். சிறிய மண்டலம் அருகே கடந்து செல்லும்போது, அதன் ஈர்ப்பு பெரிய மண்டலத்தின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தைவிட வலுவாக இழுக்கிறது. நிலவு கடலில் ஓதம் எழுப்புவதும் இதே முறையில்தான். இதனால் விண்மீன்களும் வாயுவும் நீண்ட இழைகளாக வெளியே இழுக்கப்படுகின்றன. துணை மண்டலம் ஒருமுறை மட்டும் கடந்ததா, இருமுறை கடந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

விண்மீன்களுக்கு இடையே பெரும் இடைவெளி இருப்பதால், இத்தகைய நெருக்கத்தில் அவை மோதிக்கொள்வது மிக அரிது. வாயு மேகங்களின் நிலை வேறு. அவை கரங்களில் அழுந்திச் சுருங்கிப் புதிய விண்மீன்களைப் பிறப்பிக்கின்றன. ஹப்பிள் தொலைநோக்கி 2005-இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் கரங்கள் நெடுகத் தெரியும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இவ்வாறு விண்மீன்கள் உருவாகும் இடங்களே.

அவற்றுள் பெருநிறை விண்மீன்கள் விரைவில் எரிந்து வெடிக்கின்றன. எம்51-இல் 1994, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று சூப்பர்நோவா வெடிப்புகள் பதிவாயின.