மிதவைப்பாசி நான்கடி: விளக்கவுரை

மூலம்

சிற்றுயிர் வறிய நீரிலும் வாழும்;
பேருயிர் வளநீர் வந்தால் பெருகும்;
கலங்கும் கடலே முறையை மாற்றும்;
மலைக்கல் கரைந்து கடலுயிர்க்கு ஓடாம்.

கடலில் மிதக்கும் ஒருசெல் பாசிகளின் வளர்ச்சியை விளக்கக் கட்டிய நான்கடி இது. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றின் உழைப்பு.

சிற்றுயிர் வறிய நீரிலும் வாழும்

சிற்றுயிர் என்றது புரோகுளோரோகாக்கஸ் போன்றவற்றை. 1988இல் சாலி சிஸோம் குழுவினர் அறிவித்த இந்தச் செல்லின் குறுக்களவு சுமார் 0.6 மைக்ரான். பேருயிராகிய டயட்டம் என்னும் பெரிய பாசியில், 60 மைக்ரான் உள்ள ஒன்றை இதனருகே வைத்து, இரண்டையும் உருண்டையாகக் கொள்வோம். டயட்டத்தின் கொள்ளளவு பத்து லட்சம் மடங்கு. மேற்பரப்போ பத்தாயிரம் மடங்குதான். சத்து நுழைவது மேற்பரப்பு வழியே. பசிப்பதோ உடல் முழுவதும். ஆக, உடலளவோடு ஒப்பிட்டால் சிறியதற்கு நூறு மடங்கு வாசல். நைட்ரேட் அரிதான நடுக்கடலில் அது தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

வாழும் என்றதால் விரைந்து பெருகும் என்று கொள்ளக்கூடாது. அது நாளுக்கு ஒருமுறை பிளப்பதே பெரிது. மரபணுவும் சவ்வும் எவ்வளவு சிறிய செல்லிலும் இடம் பிடிப்பதால் வளர்ச்சிக்கு மிச்சமாகும் இடம் குறைவு.

பேருயிர் வளநீர் வந்தால் பெருகும்

டயட்டத்துக்குள் நைட்ரேட்டைச் சேமிக்க அறை உண்டு. வளம் வந்ததும் வாரி வைத்துக்கொள்ளும். சில இனங்கள் நாளுக்கு இரண்டு மூன்று முறைகூடப் பிளக்கும். சிற்றுயிரை மேயும் ஒருசெல் உயிரிகள் அதே வேகத்தில் பெருகித் தின்றுவிடும். டயட்டத்தை மேயும் விலங்குகள் பெருக நாளாகும். அந்த இடைவெளியில்தான் கடல் பச்சையாகிறது. நெத்திலிக்கும் மத்திக்கும் உணவு வரும் குறுக்குவழியும் டயட்டமே.

கலங்கும் கடலே முறையை மாற்றும்

வங்கக்கடலில் ஆற்று நன்னீர் எடை குறைந்ததால் மேலே படிந்து, ஆழத்துச் சத்தை எழவிடாமல் மூடுகிறது; அங்கே சிற்றுயிர்க்கே மேலாட்சி. புயல் கடந்தால் மூடி கலைந்து அடிநீர் எழும். அடுத்த சில நாட்களில் பசுமை கூடுவதைச் செயற்கைக்கோள் காட்டும். எடை மிகுந்த டயட்டம் மூழ்காதிருக்கவும் கலக்கம் வேண்டும். கலக்கம் மிஞ்சினால் செல்கள் ஒளி எட்டாத ஆழத்துக்குப் போய்விடும்.

மலைக்கல் கரைந்து கடலுயிர்க்கு ஓடாம்

டயட்டத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது. ஜவ்வாது மலைப் பாறையைச் சற்றே அமிலமான மழைநீர் மெல்ல அரிக்கிறது. கரைந்த சிலிக்காவைச் செய்யாறு சுமந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது; வெள்ளம் வந்தால் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. நடுக்கடலை மூடும் ஆற்றுநீரே கரையோரத்தில் டயட்டத்துக்கு ஓடு கொடுக்கிறது. அணைக்குப் பின்னே தேங்கும் நீரில் அந்தச் சிலிக்காவின் ஒரு பங்கு தங்கிவிடும்.

ஆற்றுநீர் கடலில் கலந்து வீணாகிறது என்பது மேடைதோறும் கேட்கும் பேச்சு. வயலுக்கும் குடத்துக்கும் நீர் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் முகத்துவாரம் தாண்டும் வெள்ளம் மீனவரின் பங்கு. கணக்கெழுதும்போது அதையும் வரவில் வைக்கவேண்டும்.