மக்காச்சோளம் நீங்கிய தட்டு

எங்களில் ஒருவருக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாகச் சோதனை முடிவு வந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டு இரவு உணவு மாறிவிட்டது. மாவுச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். சோறு குறைந்தது. சப்பாத்தி குறைந்தது. கலிஃபோர்னியாவில் வாழும் எங்களுக்கு வாரம் ஒருமுறையேனும் பழகிப்போயிருந்த டாக்கோவும் தன் உறையை இழந்து சாலட் ஆயிற்று.

செய்முறை எளிது. அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயம், பூண்டு, சீரகத்தூள், மிளகாய்த்தூள் சேர்த்து நீர் வற்றும்வரை வதக்க வேண்டும். ஐஸ்பெர்க் லெட்டூஸை மெல்லியதாக அரிந்து தட்டில் பரப்பி, அதன்மேல் இறைச்சி, தக்காளி, அவகாடோ, துருவிய செடார் சீஸ், கொஞ்சம் புளித்த க்ரீம், கொத்தமல்லித் தழை ஆகியவற்றை இட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. மொத்தம் அரைமணி நேர வேலை. பீன்ஸ் கிடையாது, சோறு கிடையாது, மக்காச்சோள ரொட்டியான டோர்ட்டியாவும் கிடையாது.

முதல் நாள் பரிமாறியபோது மகள் முள்கரண்டியால் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இதுல டாக்கோ எங்கே?"

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் அன்றிரவு எங்களால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை. டாக்கோ என்பது டோர்ட்டியாவை மடித்து அதற்குள் எதையேனும் வைத்து உண்பது. உள்ளே வைப்பது மாறலாம். மீனாகலாம், காளானாகலாம், வெறும் உப்பும் மிளகாயுமாகக்கூட இருக்கலாம். மடிக்கும் டோர்ட்டியா மட்டும் மாறாது. அதையே நீக்கிவிட்ட பிறகும் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது? இந்தக் கேள்வியின் பின்னால் போனபோது கண்டவற்றையே இங்கே எழுதுகிறோம்.

*

தட்டில் இருந்தவற்றை முதலில் பூர்வீகம் பார்த்துப் பிரிப்போம். தக்காளி, அவகாடோ, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்தின் தொல்குடிப் பயிர்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்கு வழங்கும் டொமேட்டோ, அவகாடோ, சில்லி ஆகிய பெயர்கள் அஸ்டெக்குகளின் நவாட்ல் மொழியிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தவை. நம் சமையலறைக்கு மிளகாய் வந்து சேர்ந்ததும் அந்நிலத்திலிருந்துதான். போர்ச்சுகீசியக் கப்பல்கள் கொண்டுவந்தன. மாட்டிறைச்சி, சீஸ், க்ரீம், வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்தமல்லி, எலுமிச்சை, லெட்டூஸ் எல்லாம் பழைய உலகத்தவை. 1521இல் அஸ்டெக் தலைநகர் ஸ்பானியரிடம் வீழ்ந்ததை ஒட்டியும் அதன் பிறகுமே அவை அங்கே சென்றன. ஆக, எங்கள் தட்டில் கணிசமான பகுதி கப்பலேறி மெக்சிகோவுக்குப் போனது. அந்த மண்ணின் உயிர்நாடியாக இருந்த ஒன்று மட்டும் தட்டில் இல்லை.

மக்காச்சோளம் தானாகக் கிடைத்த தானியமன்று. தென்மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் படுகையில், டியோசிண்டே என்னும் காட்டுப்புல்லிலிருந்து ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் அதை உருவாக்கத் தொடங்கினர். விரல் நீளமும் இல்லாத கதிரில் கல்போன்ற ஓட்டுக்குள் ஒடுங்கிய சில மணிகளே டியோசிண்டேயின் விளைச்சல். அதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து விதைத்துக் கைப்பிடி நிறையும் கதிராக்கினார்கள். கீச்சே மாயர்களின் 'பொபொல் வூ' நூல், மனிதர்களே மக்காச்சோள மாவிலிருந்து படைக்கப்பட்டவர்கள் என்று கூறுவதில் வியப்பில்லை.

அதனினும் நுட்பமானது அதைச் சமைக்கும் முறை. மணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோல் போகக் கழுவி, மெட்டாட்டே என்னும் கல்லில் அரைப்பார்கள். மெட்டாட்டே நம் அம்மிக்கு உறவு என்றே சொல்லலாம். விடியுமுன் எழுந்து மண்டியிட்டு மணிக்கணக்காக மாவரைத்தவர்கள் பெண்கள். இப்படிப் பதப்படுத்திய மணிக்கு நிஷ்டமால் என்று பெயர்; சாம்பலைக் குறிக்கும் நவாட்ல் சொல் அதனுள் இருக்கிறது. மாவைத் தட்டி, கொமால் என்னும் மண் கல்லில் சுட்டெடுத்தால் டோர்ட்டியா. 1577 வாக்கில் நிறைவுற்ற பெர்னார்தினோ தெ சாஹகூனின் ஃபுளோரன்டைன் கோடெக்ஸ், சந்தையில் விற்கப்பட்ட டோர்ட்டியா வகைகளைப் பட்டியலிடுகிறது. சொன்னவர்கள் நவா முதியவர்கள்; எழுதி முடிக்கத் துணைநின்றவர்கள் அவர்தம் இன மாணவர்கள்.

சுண்ணாம்பு எதற்கு? மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலுக்குக் கிட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அதை அவிழ்த்துவிடுகிறது. இந்த வேதியியல் தெரியாமலேயே அந்தப் பெண்களின் கைகள் அதைச் செய்துவந்தன. ஐரோப்பியர் மக்காச்சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பைக் கொண்டுபோகவில்லை. அதையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழைகளின் தோல் வெடித்தது, வயிறு கழன்றது, அறிவு கலங்கியது. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்னும் மருத்துவர் இந்நோயைக் கண்டெழுதினார். பின்னர் இத்தாலியில் அது பெலாக்ரா என்று பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் அதற்குப் பலியாயினர். இது தொற்றுநோய் அன்று, உணவுக் குறை என்று நிறுவ ஜோசஃப் கோல்ட்பெர்கர் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். அவர் மனைவியும் அச்சோதனைக்கு உடன்பட்டார். நியாசினே மருந்து என்று தெரிந்தது 1937க்குப் பிறகுதான். பொருளை எடுத்துக்கொண்டு அதைக் கையாளத் தெரிந்தவரின் அறிவை விட்டுச்செல்வதற்கு எத்தனை உயிர் விலை என்பதை இந்த இரு நூற்றாண்டுகள் காட்டுகின்றன.

*

மக்காச்சோளத்தின் மீதான இளக்காரம் வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. 1899இல் மெக்சிகோவின் அரசியலாளர் ஃபிரான்சிஸ்கோ புல்னெஸ் மனித குலத்தைக் கோதுமை இனம், அரிசி இனம், மக்காச்சோள இனம் என மூன்றாகப் பிரித்தார். கோதுமை உண்போரே முன்னேறக்கூடியவர் என்பது அவர் வாதம். மெக்சிகோத் தொல்குடிகளின் வறுமைக்கு நிலமின்மையைக் காரணம் காட்டாமல் டோர்ட்டியாவைக் காரணம் காட்டினார். அரிசி உண்ணும் நாமும் அவர் கணக்கில் தேறாதவர்களே.

டாக்கோ என்ற பெயர் பரவலானதும் அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். வெள்ளிச் சுரங்கத் தொழிலாளர்கள் பாறையைப் பிளக்க வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டித் துளைக்குள் செருகுவார்கள். அந்தச் சுருளுக்கு டாக்கோ என்று பெயர். உணவின் பெயர் அதிலிருந்து வந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பில்ச்சர் கருதுகிறார்.

எல்லை கடந்த டாக்கோவுக்குப் புதிய உள்ளீடு கிடைத்தது. அரைத்த மாட்டிறைச்சி, செடார், லெட்டூஸ், தக்காளி என அமெரிக்கக் கடைகளில் மலிவாகக் கிடைத்தவற்றைக் கொண்டு அங்கே குடியேறிய மெக்சிகோக் குடும்பங்கள் சமைத்தன. அதை நாம் போலி என்று தள்ளிவிட முடியாது. கையில் கிடைத்ததைக் கொண்டு ஊர் உணவைச் செய்து பார்ப்பது புலம்பெயர்ந்த எந்தச் சமையலறைக்கும் உரிய இயல்பு. நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மல்டோனாடோ என்னும் மெக்சிகோக்காரர், டோர்ட்டியாவை மடித்த வடிவிலேயே பொரிக்கும் கருவிக்கு 1950இல் காப்புரிமை பெற்றார். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1937இல் தொடங்கிய மிட்லா கஃபேயில் பொரித்த டாக்கோ பெயர்பெற்றிருந்தது. அதற்கு எதிரே கடை வைத்திருந்த கிளென் பெல் அங்கே உண்டு, கவனித்து, கற்றுக்கொண்டார். 1962இல் அவர் தொடங்கிய டாக்கோ பெல் உலகமெங்கும் கிளைவிட்டது.

சாலட்டின் கதை டிஸ்னிலேண்டை ஒட்டியது. 1932இல் சான் ஆன்டோனியோவில் சார்ல்ஸ் எல்மர் டூலின் என்பவர், மக்காச்சோள மாவுப் பொரியல் ஒன்றின் செய்முறையைக் குஸ்தாவோ ஒல்கின் என்னும் மெக்சிகோக்காரரிடம் சிறு தொகைக்கு வாங்கினார். அதுவே ஃப்ரிட்டோஸ். 1955இல் டிஸ்னிலேண்டில் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தின் உணவகத்தில், ஃப்ரிட்டோஸ் மாவில் செய்த சிறு கிண்ணத்துக்குள் டாக்கோவின் உள்ளீட்டை இட்டு 'டாகப்' என்று விற்றார்கள். கையில் மடித்துப் பிடித்த டோர்ட்டியா இங்கே கிண்ணமாயிற்று. பின்னர் அது தட்டளவு பெரிதாகி, லெட்டூஸ் குவிந்து, அமெரிக்க உணவகங்களில் டாக்கோ சாலட் என்று நிலைபெற்றது. கிண்ணத்தை உண்ணாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்திருக்க வேண்டும்.

*

மக்காச்சோளம் விலக விலக, அதன் இடத்தை நிரப்பியது லெட்டூஸ். அதற்கும் ஒரு மண் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் உள்ள சலினாஸ் பள்ளத்தாக்கைத் தேசத்தின் சாலட் கிண்ணம் என்பார்கள். ஜான் ஸ்டைன்பெக் பிறந்த ஊர் சலினாஸ். அவரது 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலில் ஆடம் டிராஸ்க் லெட்டூஸைப் பனிக்கட்டியிட்டு ரயிலில் கிழக்கே அனுப்பி, அது வழியிலேயே அழுகிப்போகப் பெருநட்டம் அடைவதை வாசகர்கள் நினைவுகூரலாம். நாவலில் தோற்ற அந்தத் தொழில் 1920களில் உண்மையிலேயே வென்றது.

வென்றவர்களின் வயல்களில் குனிந்தவர்கள் பலர். அவர்களுள் மெக்சிகோ விவசாயிகளின் பங்கு பெரிது. 1942 முதல் 1964 வரை நடந்த பிராசெரோ திட்டத்தின்கீழ் இலட்சக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகளாக எல்லை கடந்தனர். 1963 செப்டம்பரில் சலினாஸுக்குத் தெற்கே சுவாலாரில், பேருந்தாக மாற்றப்பட்ட ஒரு லாரி, வயல்வேலை முடித்துத் திரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு இருப்புப்பாதையைக் கடந்தபோது ரயில் மோதி 32 பேர் இறந்தனர். சொந்த ஊரில் மக்காச்சோளம் விதைத்த மரபில் வந்தவர்கள், அந்நிய வயலில் காய்கறி வெட்டப்போய் மாண்டார்கள்.

லெட்டூஸ் வரிசையில் களையெடுக்கவும் நாற்றைக் கலைக்கவும் அவர்களுக்குத் தரப்பட்டது எல் கொர்தீட்டோ என்ற குட்டைப்பிடி மண்வெட்டி. நாள் முழுதும் இடுப்பு நிமிராமல் வேலை செய்தாக வேண்டும். நிமிர்ந்தால் மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். 1970 ஆகஸ்டில் சீசர் சாவேஸின் தலைமையில் சலினாஸ் தொழிலாளர்கள் வெளியேறினர். அவர்களைக் கேளாமலேயே பண்ணை முதலாளிகள் வேறொரு சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டதே காரணம். அமெரிக்க விவசாயத் தொழிலாளர் வரலாற்றின் மிகப்பெரிய வேலைநிறுத்தங்களில் ஒன்று அது. லெட்டூஸ் புறக்கணிப்பைக் கைவிட மறுத்த சாவேஸ் அந்த டிசம்பரில் சிறைவைக்கப்பட்டார். குட்டைப்பிடி மண்வெட்டியைக் கலிஃபோர்னியா 1975இல் தடைசெய்தது. அதற்குள் எத்தனையோ முதுகுகள் வளைந்துவிட்டிருந்தன.

*

மாவுச்சத்தை விலக்கும் வழக்கமும் நாம் எண்ணுவதைவிடப் பழையது. 1863இல் லண்டனில் சவ அடக்கத் தொழில் நடத்திய வில்லியம் பான்டிங், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டுத் தாம் மெலிந்த கதையைச் சிறுநூலாக வெளியிட்டார். ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் மெலிய முயல்வதைக் குறிக்கும் 'பான்டா' என்ற வினைச்சொல் அவர் பெயரிலிருந்து வந்ததே. 1972இல் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் அதே வழியை அமெரிக்காவில் பரப்பியது. 2003, 2004இல் அலை உச்சத்துக்குச் சென்றது. 2005இல் அவர் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. அலை ஓய்ந்தாலும் தட்டில் மாற்றம் தங்கிவிட்டது. டோர்ட்டியா நீங்கிய டாக்கோ சாலட் அந்த வண்டலில் ஒன்று.

சர்க்கரை நோயாளிக்கு மாவுச்சத்தைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே அதன் பலனைக் கண்டோம். எங்களை உறுத்தியது வேறு. 1899இல் மக்காச்சோளம் பின்தங்கியோரின் உணவு. இன்று அது உடலைக் கெடுக்கும் மாவுச்சத்து. இடையில் அது அந்த மக்களின் கைகளிலிருந்து கழன்று, பொரியலாகி, கிண்ணமாகி, கடைசியில் குப்பைக்கூடைக்குப் போயிற்று. மெக்சிகோவும் இன்று சர்க்கரை நோயால் துன்புறுகிறது. 2014இல் அந்நாடு வரி விதித்தது இனிப்புக் குளிர்பானத்தின் மீது, டோர்ட்டியாவின் மீதன்று.

அடுத்த வாரம் மெக்சிகோக் கடையில் சுண்ணாம்பிட்டுப் பதப்படுத்திய மாவு ஒரு பை வாங்கினோம். வெந்நீர் விட்டுப் பிசைந்தபோது எழுந்த மணம், மழை பெய்த சுவரின் மணம்போல் இருந்தது. கணக்குப் பார்த்தோம். சிறிய டோர்ட்டியா ஒன்றில் மாவுச்சத்து பத்துப் பன்னிரண்டு கிராம்தான். ஆளுக்கு ஒன்று தட்டி, தோசைக்கல்லில் சுட்டு, சாலட்டின் ஓரத்தில் வைத்தோம். முதல் இரண்டு பிய்ந்துபோயின, மூன்றாவது உப்பியது.

மகள் அதில் கொஞ்சம் இறைச்சியை வைத்து மடித்துக் கையில் எடுத்தாள். முள்கரண்டி மேசையிலேயே கிடந்தது. டாக்கோ எங்கே என்று அன்று அவள் கேட்கவில்லை.